மகள் முன்னே நடந்த நான்கு நாட்கள்

 

பயணம் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் அதிகம் ஊர் சுற்றியவள் இல்லை. நாகர்கோவிலில் டிப்ளமோ நர்சிங் முடித்து, பதினெட்டு வருடமாக அயர்லாந்தில் வார்டில் நிற்கிறவள். போன மே மாதம் இருபத்திரண்டு வயது மகளோடு நான்கு நாள் ஜெர்மனி போய்வந்தேன். அதைச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் பாஸ்போர்ட், டிக்கெட், எல்லாக் காகிதமும் என் கைப்பையில்தான் இருக்கும். இந்த முறை மகள், "எல்லாம் என் போன்ல இருக்கு, நீங்க சும்மா வாங்கம்மா" என்றாள்.

டியூசல்டார்ஃப் விமான நிலையத்தில் அவள் ஐரிஷ் பாஸ்போர்ட்டைக் காட்டி இரண்டு நிமிடத்தில் உள்ளே போய்விட்டாள். என்னுடையது இந்தியப் பாஸ்போர்ட். அயர்லாந்து ஷெங்கனில் இல்லை. அங்கே எத்தனை வருடம் குடியிருந்தாலும் எனக்கு விசா வேண்டும், தனி வரிசையும் உண்டு. அதிகாரி ஹோட்டல் பதிவைக் கேட்டார். அது மகளின் போனில். மகள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம். ஐசியூவில் நடுங்காத என் கை நடுங்கியது. அவள் பார்த்துவிட்டு ஓடிவந்தாள், போனை நீட்டி, "என் அம்மா" என்றாள். இத்தனை வருடம் கவுண்டர்களில் "என் மகள்" என்று சொன்னவள் நான்.

முதல் பாடம் சின்னது: பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரியானாலும் உங்கள் காகிதத்தின் ஒரு பிரதியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் யு79 ரயிலில் கைசர்ஸ்வெர்த் போனோம். ரைன் நதிக்கரையில் பழைய ஊர். 1836இல் ஃபிளீட்னர் என்ற போதகரும் அவர் மனைவியும் பெண்களுக்கு நோயாளிகளைப் பராமரிக்கப் பயிற்சி கொடுக்கத் தொடங்கிய இடம். 1851இல், தன் 31ஆம் வயதில், ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் மூன்று மாதம் இங்கே பயின்றார். அவர் இந்த வேலைக்குப் போவது அம்மாவுக்கும் அக்காவுக்கும் பிடிக்கவில்லை. அந்த நாட்களில் அவர்கள் இருவரும் கார்ல்ஸ்பாடில் சிகிச்சைக்காகத் தங்கியிருந்தார்கள்.

நர்ஸ் அம்மாவுக்காக மகள் தேர்ந்தெடுத்த இடம் என்று பூரித்துப்போயிருந்தேன். ஆற்றங்கரை பெஞ்சில் உட்கார்ந்ததும் சொன்னாள்: "அம்மா, நான் நர்சிங் சேரப்போறேன்."

வணிகவியல் பட்டம் முடித்த பிள்ளை. இன்னும் நான்கு வருடம் படிப்பு. "மக்களே, நீ இந்த வேலைக்கு வரக்கூடாதுன்னுதானே நான் நைட் டியூட்டி பாத்தேன்" என்றேன். என் முதுகுவலியைச் சொன்னேன், வார்டில் கழிந்த கிறிஸ்துமஸ்களைச் சொன்னேன். அவள் சொன்னாள்: "காலைல வந்து அந்தக் கதையெல்லாம் சொன்னது நீங்கதானம்மா."

நைட்டிங்கேலின் கதையில் என்னை எப்போதும் நைட்டிங்கேல் பக்கத்தில்தான் வைத்திருந்தேன். அன்றுதான் நான் அவருடைய அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

ஒரு வருடமாக இதை மனதில் வைத்திருந்தாளாம். வீட்டில் நான் ஷிப்டில் இருப்பேன், அவள் அறைக்கதவு சாத்தியிருக்கும். வெளிநாட்டில் ஒரே அறை, ஒரே மேஜை. எழுந்து போக இடம் கிடையாது. இரண்டாவது பாடம் அதுதான். வளர்ந்த பிள்ளை நம்மைக் கூட்டிக்கொண்டு போனால், ஏதோ சொல்ல இருக்கிறது. கொஞ்சம் பேசாமல் பின்னால் நடக்க வேண்டும்.

இன்னும் முழுமனதாகச் சரி என்று நான் சொல்லவில்லை. ஜெபத்தில் அந்த வாக்குவாதம் தொடர்கிறது. ஆனால் விண்ணப்பத்தை இருவரும் சேர்ந்து உட்கார்ந்துதான் நிரப்பினோம்.