ஆச்சி சொன்னதை எழுதி வைப்போம்

(மும்பை தாராவியில் ஒரு தமிழ்த் தொடர்கல்வி வகுப்பில் தொண்டர் பேசியது)

 

இன்று பாடப் புத்தகம் வேண்டாம். மூடி வையுங்கள். கொஞ்ச நேரம் பேசுவோம்.

நாம் வாழும் இந்தத் தாராவி முன்பு எப்படி இருந்தது? சதுப்பு நிலமாக இருந்தது. கோலி மீனவர்கள் இங்கே வலை போட்டார்கள். பிறகு சௌராஷ்டிரத்திலிருந்து குயவர்கள் வந்தார்கள். திருநெல்வேலிப் பக்கமிருந்து நம் ஆட்கள் வந்தார்கள். தோல் பதனிடும் வேலைக்குப் பலர் வந்தார்கள்.

பஸ் டிப்போ பக்கம் காலா கில்லா என்று ஒரு பழைய கோட்டை இருக்கிறது. பார்த்திருப்பீர்கள். 1737-இல் ஆங்கிலேயர் கட்டியது. எந்தக் கவர்னர் கட்டச் சொன்னார் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். சரி. இந்தச் சதுப்பில் மண்ணும் குப்பையும் கொட்டி மேடாக்கியது யார்? அவர்கள் பெயர் எந்தக் கல்லில் இருக்கிறது?

எந்தக் கல்லிலும் இல்லை. ஆனால் அதைப் பார்த்தவர்கள், செய்தவர்கள் சிலர் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்கள் பேசுவதைப் பதிவு செய்து, எழுதி வைக்கலாம். இதற்கு வாய்மொழி வரலாறு என்று பெயர்.

நம் மும்பையிலேயே இதைச் செய்திருக்கிறார்கள். பரேல், லால்பாக் பக்கம் பஞ்சாலைகள் நிறைய இருந்தன. அந்தப் பகுதிக்கே கிரண்காவ், அதாவது ஆலை ஊர், என்று பெயர். 1982 ஜனவரி 18 அன்று அங்கே பெரிய வேலைநிறுத்தம் தொடங்கியது. சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் வேலைக்குப் போகவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் நீடித்தது. பலருக்கு வேலை திரும்பக் கிடைக்கவே இல்லை. பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. ஓர் ஆலை இருந்த இடத்தில் இப்போது பெரிய கடை வளாகம் இருக்கிறது. நீரா அடார்க்கர், மீனா மேனன் என்ற இரண்டு பெண்கள் அந்தத் தொழிலாளர்களைத் தேடிப் போய்ப் பேட்டி எடுத்தார்கள். 2004-இல் அது புத்தகமாக வந்தது. ஆலை போய்விட்டது, பேச்சு இருக்கிறது.

நானும் சென்ற வருடம் தொடங்கினேன். முதல் பதிவு என்ன ஆயிற்று தெரியுமா? இட்லி வியாபாரம் செய்யும் ஒரு சித்தப்பாவிடம் போனேன். அரை மணி நேரம் அருமையாகப் பேசினார். வீட்டுக்கு வந்து போனில் போட்டுக் கேட்டேன். கிரைண்டர் சத்தம் மட்டும்தான் கேட்டது! மாவு ஆட்டும் நேரத்தில் போனது என் தப்பு.

அடுத்து எங்கள் சந்தில் இருக்கும் ஆச்சியிடம் போனேன். "ஆச்சி, நீங்க எந்த வருஷம் பம்பாய்க்கு வந்தீங்க?" என்று கேட்டேன்.

"வருஷத்தைக் கண்டேனா? போ ஏட்டி" என்றார்.

அப்படிக் கேட்கக் கூடாது. பிறகு தெரிந்துகொண்டேன். "நேரு இறந்ததுக்கு முன்னயா, பின்னயா?" என்று கேட்டேன். "நான் வந்த மறு மாசம்தான் அவரு போய்ச் சேர்ந்தாரு. கடையெல்லாம் அடைச்சுட்டாங்க" என்றார். நேரு இறந்தது 1964 மே மாதம். ஆச்சி வந்தது ஏப்ரல். இப்படித்தான் கணக்குப் போட வேண்டும். 1976-இல் குடிசைகளைக் கணக்கெடுத்து போட்டோ பாஸ் கொடுத்தார்கள். 1984-இல் இந்திரா காந்தி இறந்தார். 2005 ஜூலை 26-இல் பெருமழை. ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்தது. அதற்கு முன்பா, பின்பா என்று கேட்டால் யாரும் சொல்லிவிடுவார்கள்.

ஆச்சி வந்தபோது வீட்டைச் சுற்றித் தண்ணீர். பலகை மேல் நடந்து போனார்களாம். சம்பளம் வந்தால் முதல் செலவு ஒரு வண்டி மண். ஒவ்வொரு மழைக்கும் தரை இறங்கும். மறுபடி மண் கொட்டுவார்கள். "இந்தத் தரைக்குக் கீழ என் தாலிச் சங்கிலி கிடக்கு" என்றார். தொலைந்துவிட்டதோ என்று நினைத்தேன். இல்லை. மண் வாங்குவதற்காக அதை விற்றிருக்கிறார்.

ஒரு நாள் 1993 ஜனவரிக் கலவரத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. 1992 டிசம்பரிலும் அந்த ஜனவரியிலும் மும்பையில் 900 பேர் இறந்தார்கள் என்று நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் அறிக்கை சொல்கிறது. அது எண். ஆச்சி சொன்னது வேறு. பக்கத்து வீட்டு முஸ்லிம் பிள்ளைகள் இரண்டு பேரை மூன்று நாள் பரணில் வைத்திருந்தாராம். பொங்கலுக்குப் பானைகூட வைக்கவில்லை. சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். "அதை அணை, ஏட்டி" என்றார்.

அணைத்தேன். அதற்குப் பிறகு அவர் சொன்னதை உங்களுக்கும் சொல்ல மாட்டேன். மறு வாரம், "பிள்ளைங்க கதையை மட்டும் எழுது. பேரு போடாத" என்று அனுமதி கொடுத்தார். அதனால்தான் இங்கே சொல்கிறேன். பேசுகிறவர் சம்மதம் இல்லாமல் ஒரு வரிகூட வெளியே போகக் கூடாது. வாட்ஸ்அப்பில் போடவே கூடாது.

பதிவை எழுத்தாக்கியது யார்? நானில்லை. இதோ, கடைசி வரிசையில் உட்கார்ந்து சிரிக்கிறாரே, அந்த அக்காதான். கொஞ்சம் கேட்பார், நிறுத்துவார், எழுதுவார். ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஒன்பது மாலை ஆயிற்று.

ஓர் இடத்தில் எனக்கும் அவருக்கும் சண்டை. ஆச்சி, "ஒரு கோலியில பதினோரு பேரு கிடந்தோம்" என்று சொல்லியிருந்தார். நான் கோலியை அடித்து, அறை என்று எழுதச் சொன்னேன். ஊரில் படிப்பவர்கள் கோலிக்குண்டு என்று நினைப்பார்கள், இல்லையென்றால் மீனவர் என்று நினைப்பார்கள் என்றேன். அக்கா கேட்கவில்லை. "ஆச்சி கோலின்னுதான சொன்னாக? நாம யாரு மாத்த? வேணும்னா பக்கத்துல அர்த்தம் போடு" என்றார். அவர் சொன்னதே சரி. பிழையில்லாமல் எழுதச் சொல்லிக் கொடுத்தது நான். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது அவர்.

தாராவியை இடித்துப் புதிதாகக் கட்ட 2024-இல் வீடு வீடாகக் கணக்கெடுக்கத் தொடங்கினார்கள். எத்தனை அடி, எந்த மாடி, என்ன காகிதம் என்று கேட்டார்கள். 2000 ஜனவரி 1-க்கு முன்னால் இருந்ததற்கு ஆதாரம் கேட்டார்கள். ஆச்சி டிரங்குப் பெட்டியைத் திறந்து போட்டோ பாஸை எடுத்துக் காட்டினார். ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். நம் ஒலிப்பதிவைக் காட்டி வீடு வாங்க முடியாது. போட்டோ பாஸ், ரேஷன் கார்டைப் பத்திரமாக வைத்திருங்கள். அது வேறு, இது வேறு. ஆனால் தரைக்குக் கீழே எத்தனை வண்டி மண் இருக்கிறது என்று கணக்கெடுக்க வந்தவர்கள் கேட்கவில்லை. அதை நாம்தான் கேட்க வேண்டும்.

அந்த இட்லி சித்தப்பாவிடம் மறுபடி போகலாம் என்றிருந்தேன். பரீட்சை, வேலை என்று தள்ளிப் போட்டேன். மழைக்காலத்தில் அவர் இறந்துவிட்டார். இருட்டோடு சைக்கிளில் எந்தெந்தத் தெருவுக்கு இட்லி கொண்டு போனார் என்று சொல்லியிருந்தார். கிரைண்டர் சத்தத்துக்கு நடுவில் "மாட்டுங்கா" என்ற ஒரு சொல் மட்டும் கேட்கிறது. அந்தப் பதிவை நான் அழிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை குழாயடிச் சந்தில் இருக்கும் பெரியம்மாவிடம் போகிறோம். அப்பளம் இட்டே நான்கு பிள்ளைகளை வளர்த்தவர். மூன்று பேர் வந்தால் போதும். கூட்டமாகப் போனால் அவர் பேச மாட்டார். போனில் சார்ஜ் இருக்கட்டும். நோட்டும் பேனாவும் கொண்டு வாருங்கள். மத்தியானம் அப்பளம் காயும் நேரம். அப்போதுதான் அவருக்கு ஓய்வு.

யார் வருகிறீர்கள்? கையைத் தூக்குங்கள்.