ஒரு பங்கு சீரியம்

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இத்தனை வருடமாக ஆய்வுகூடத்தில் நான் என்னதான் செய்கிறேன் என்பதை எல்லோருக்கும் விளங்கும்படி சொல்லச் சொல்லிச் சங்கத்தினர் கேட்டார்கள். என் துறை கலப்பு அருமண் ஒட்சைட்டுகள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். தோட்டங்களுக்கு மின்சாரம் வருவதற்கு முன் கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் காமன் கூத்திலும் எரிந்த பெற்றோமக்ஸ் விளக்கை மூத்த அக்காமார் மறந்திருக்க மாட்டீர்கள். அதற்குள் தொங்கிய வெள்ளை மென்டில் அப்படியான ஒரு பொருள்தான்.

மென்டிலை உருவாக்கியவர் ஒஸ்திரியாவைச் சேர்ந்த இரசாயனவியலாளர் அவுவர் வொன் வெல்ஸ்பாக். 1885இல் காப்புரிமை பெற்ற அவருடைய முதல் மென்டில் சரிவரவில்லை. 1891இல்தான் சரியான கலவை கிடைத்தது: 99 பங்கு தோரியம் ஒட்சைட்டு, 1 பங்கு சீரியம் ஒட்சைட்டு. நூல் வலையை இவ்விரு உலோகங்களின் நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து உலர்த்துவார்கள். முதன்முறை கொளுத்தும்போது நூல் எரிந்துவிடும். ஒட்சைட்டு மட்டும் வலையின் வடிவத்திலேயே நிற்கும். கை பட்டால் மென்டில் பொடிந்துபோனதற்குக் காரணம் அதுதான்.

தோரியம் ஒட்சைட்டு தனியே இருந்தால் வெளிச்சம் மிகக் குறைவு. அது வெப்பத்தை வெளியே அதிகம் வீசாமல் கடும் சூட்டில் நிற்கும், அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியும் ஒளியை வீசுவது அந்த ஒரு பங்கு சீரியம். சரி, சீரியத்தைக் கூட்டினால் வெளிச்சம் கூடுமா? கூடாது. வெப்பமும் அதிகமாக வெளியேறி, மென்டிலின் சூடு தணிந்து, ஒளி குறைந்துவிடும்.

தோரியம் அருமண் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. ஆனாலும் அதன் ஒட்சைட்டும் சீரியத்தின் ஒட்சைட்டும் ஒரே பளிங்கு அமைப்பைக் கொண்டவை. இரண்டிலும் ஒவ்வோர் உலோக அயனைச் சுற்றியும் எட்டு ஒட்சிசன், ஒவ்வோர் ஒட்சிசனைச் சுற்றியும் நான்கு உலோக அயன்கள். அயன்களின் பருமனும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று சிரமமின்றி அமர்ந்துகொள்ளும்.

இப்படியான ஒரு கலவையை இயற்கை நமக்கு அருகிலேயே செய்து வைத்திருந்தது. அப்புத்தளையால் இறங்கிப் போனால் வரும் பலாங்கொடைப் பகுதியில் கிடைத்த, கனசதுர வடிவான, பாரமான கறுப்புக் கற்கள் அவை. அன்றைய இலங்கைக் கனிய ஆய்வுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஆனந்த குமாரசுவாமி. கலை வரலாற்று அறிஞராக உலகம் அறிந்த அதே குமாரசுவாமிதான். அந்தக் கல் புதியதொரு கனியம் என்பது 1904இல் வெளிவந்தது; தோரியனைற்று என்று பெயரிட்டார்கள். பெரும்பகுதி தோரியம் ஒட்சைட்டு. அதனோடு யுரேனியம் ஒட்சைட்டும், சிறிதளவு சீரியக் குடும்பத்து ஒட்சைட்டுகளும். மறுவருடம் லண்டனில் ஒட்டோ ஹான் என்ற இளைஞர் இலங்கைத் தோரியனைற்றை ஆராய்ந்து ரேடியோதோரியத்தைக் கண்டுபிடித்தார். பின்னாளில் அவர் நோபல் பரிசு பெற்றார்.

இனி என் வேலைக்கு வருகிறேன். ஒரு கலப்பு ஒட்சைட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டால் இரண்டு விடைகள் உண்டு. எக்ஸ் கதிரைச் செலுத்தி, அது சிதறும் கோணங்களைப் பார்த்தால் பளிங்கின் உள்ளமைப்பு தெரியும். வேறொரு முறையில், எக்ஸ் கதிர் பட்டு வெளியேறும் இலத்திரன்களின் சக்தியை அளப்போம். ஆழத்திலிருந்து அவற்றால் தப்பி வர முடியாது. ஆகவே மேலேயுள்ள சில நனோமீற்றர் படையின் செய்தி மட்டுமே கிடைக்கும். இரண்டு விடைகளும் பல வேளைகளில் ஒத்துப்போவதில்லை. சீரியம் ஒட்சைட்டில் இலந்தனத்தைச் சமமாகக் கலந்து சூடாக்கினால், பருமன் கூடிய இலந்தனம் மேற்பரப்பை நாடிச் சேரக்கூடும்.

இதைக் கவனிக்காவிட்டால் என்ன? கார்களின் புகைக்குழாயில் உள்ள ஊக்கியில் சீரியமும் சிர்க்கோனியமும் கலந்த ஒட்சைட்டு இருக்கிறது. ஒட்சிசன் மிஞ்சும்போது வாங்கி வைத்து, குறையும்போது கொடுத்து, நச்சான காபனோரொட்சைட்டைக் காபனீரொட்சைட்டாக மாற்ற அது உதவுகிறது. அந்தக் கொடுக்கல் வாங்கல் நடப்பது மேற்பரப்பில். உள்ளே கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும், மேற்பரப்பு பிழைத்தால் ஊக்கி வேலை செய்யாது.

சீரியம் நம் நாட்டிலும் இருக்கிறது. புல்மோட்டைக் கரையில் இல்மனைற்று, உரூற்றைல், சிர்க்கோனோடு சீரியம் கொண்ட மொனசைற்றும் உண்டு. 1957இல் இதற்கென அரச கூட்டுத்தாபனமே அமைந்தது. ஆனால் கனிய மணல் இன்றும் பெரும்பாலும் மூலப்பொருளாகவே கப்பலேறுகிறது. அதைப் பெறுமதியான பொருளாக்க இரசாயனவியல் படித்தவர்கள் வேண்டும்.

அவர்கள் எங்கிருந்து வருவார்கள்? உயர்தர விஞ்ஞானப் பிரிவைத் தமிழில் நடத்தும் பாடசாலைகள் ஊவாத் தோட்டப் பகுதிகளில் இன்றும் குறைவு. விஞ்ஞானம் படிக்க விரும்பும் தோட்டத்துப் பிள்ளை வெளியூரில் தங்க வேண்டி வருகிறது. அந்தச் செலவைத் தாங்க முடியாத வீட்டுப் பிள்ளை கிடைத்த பாடத்தைப் படிக்கிறாள். அவளுக்குத் திறமை இல்லை என்று நாம் சொல்லிவிட முடியாது.

கடல் கடந்தும் கொழும்பிலும் வாழும் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நினைவாகக் கட்டடம் கட்டுவது நல்லது. அதற்கு முன், ஒரு பிள்ளையின் இரண்டு வருட விடுதிச் செலவை ஒருவர் ஏற்றுக்கொள்ளுங்கள். பணம் தர முடியாதவர்கள் வாரத்தில் ஒரு மணித்தியாலம் தொலைபேசியில் ஒரு பாடம் சொல்லிக் கொடுங்கள். இரசாயனவியலை நான் ஏற்கிறேன். பௌதிகத்துக்கும் கணிதத்துக்கும் இந்த மண்டபத்திலேயே ஆட்கள் இருக்கிறீர்கள். எல்லோரும் சேர வேண்டும் என்றில்லை. நூறு பேரில் ஒருவர் முன்வந்தாலும் தொடங்கிவிடலாம். இன்று வீடு திரும்புமுன் செயலாளரிடம் உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.