வெங்காயம் வந்து சேரும் வழி

(சங்கத்தின் பொன்விழாவையொட்டி நடந்த குடும்ப தின நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)





‘விநியோகச் சங்கிலி நிர்வாகத்தில் லாஜிஸ்டிக்ஸின் பங்கு’ என்ற தலைப்பில் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். தலைப்பை வீட்டில் சொன்னதும் என் மனைவி கேட்டது ஒன்றுதான்: “மஃரிபுக்கு முன்னால் முடித்துவிடுவீர்களா?” முடித்துவிடுகிறேன், இன்ஷா அல்லாஹ். இருபத்தேழு ஆண்டுகள் கிள்ளான் துறைமுகத்தில் சுங்கப் பத்திர வேலை பார்த்தவன் நான். எனக்குத் தெரிந்ததை வெங்காயத்தை வைத்தே சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன்.

இன்று மதியம் இங்கே பிரியாணியோடு தயிர்ப் பச்சடி பரிமாறினார்கள். அதிலிருந்த வெங்காயம் எங்கிருந்து வந்தது? பெரிய வெங்காயம் என்றால் பெரும்பாலும் மகாராஷ்டிராவின் நாசிக் வட்டாரம். அங்கே லாசல்காவ் சந்தையில் ஏலம் போய், லாரியில் மும்பைக்கு அருகிலுள்ள நவா சேவா துறைமுகத்துக்கு வந்து, கொள்கலனில் ஏறிக் கடல் கடக்கிறது. சின்ன வெங்காயம் என்றால் நம் தமிழ்நாடு. திண்டுக்கல், பெரம்பலூர் பக்கம் விளைந்து, தூத்துக்குடியில் கப்பல் ஏறி, பல வேளைகளில் கொழும்பில் இறங்கி வேறு கப்பல் மாறி வருகிறது. கிள்ளானில் இறங்கிய பிறகு சுங்கம், தாவரச் சோதனை, கிடங்கு, செலாயாங் மொத்தச் சந்தை, லோரி, கடை, கடைசியில் நம் வீட்டுக் கூடை.

இந்த முழுப் பயணத்துக்கும் விநியோகச் சங்கிலி என்று பெயர். எந்த நாட்டில் வாங்குவது, எத்தனை பேரிடம் வாங்குவது, எவ்வளவு இருப்பு வைப்பது, யாருக்கு எத்தனை நாள் கடன் கொடுப்பது ஆகிய முடிவுகளெல்லாம் சங்கிலி நிர்வாகம். அந்த முடிவுகளின்படி பொருளை ஏற்றுவது, காப்பது, அடுக்குவது, பத்திரம் போடுவது, குறித்த நேரத்தில் சேர்ப்பது ஆகியவை லாஜிஸ்டிக்ஸ். முன்னது வாக்குக் கொடுப்பது என்றால் பின்னது அந்த வாக்கைக் காப்பாற்றுவது. இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றவை அதற்கு விளக்கம்.

சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் துறைமுகத்தின் கதையே சாட்சி. கோலாலம்பூர் ஈயத்தைக் கப்பலுக்குக் கொண்டுபோக 1886இல் கிள்ளான் ஆற்றங்கரையிலுள்ள புக்கிட் கூடா வரை ரயில் போட்டார்கள். பெரிய கப்பல்கள் அந்த ஆற்றுக்குள் வர முடியாததால், 1901இல் ஆற்றின் முகத்துவாரத்தில் போர்ட் சுவெட்டன்ஹாமைத் திறந்தார்கள். ஈயம் இருந்தது, ரயில் இருந்தது, கப்பலும் இருந்தது. ஆனால் சதுப்பு நிலத்துக் கொசு வேலையாட்களை மலேரியாவில் படுக்க வைத்தது. திறந்த சில மாதங்களிலேயே மூடிவிடலாமா என்று யோசிக்கும் நிலை வந்தது. டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பை வடித்து, காட்டை வெட்டிச் சுத்தம் செய்த பிறகே துறைமுகம் பிழைத்தது. அதுதான் 1972இல் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறியது. 1973இல் கொள்கலன் முனையம் வந்தது. 2024இல் இருபதடிக் கொள்கலன் கணக்கில் ஏறத்தாழ 1 கோடியே 46 லட்சம் பெட்டிகளைக் கையாண்டிருக்கிறது. இவ்வளவு பெரிய துறைமுகத்தின் தலையெழுத்தை அன்று ஒரு கொசு முடிவு செய்யப் பார்த்தது என்பதை மறக்கக் கூடாது.

இனி என் சொந்தக் கதை ஒன்று. பெருமைக்குரிய கதையல்ல.

தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு ரமலான் மாதம். நம் சமூகத்து வியாபாரி ஒருவருக்கு நாற்பதடிக் கொள்கலனில் வெங்காயம் வந்திருந்தது. பெருநாள் வியாபாரத்துக்கான சரக்கு. பத்திரம் தட்டச்சு செய்தவன் நான். மூட்டைகளின் எண்ணிக்கையில் 540 என்பதை 450 என்று அடித்துவிட்டேன். தாவரச் சுகாதாரச் சான்றிதழில் ஓர் எண், என் பாரத்தில் வேறோர் எண். சோதனைக்கு நிறுத்திவிட்டார்கள். அதில் அவர்கள் தவறு ஒன்றுமில்லை. திருத்தம் கொடுக்க ஓடினேன். வார இறுதி வந்தது, அதை ஒட்டி ஒரு பொது விடுமுறையும் வந்தது. ஐந்து நாள் அந்தப் பெட்டி வெயிலில் நின்றது.

துறைமுகத்தில் சரக்கு வைத்திருக்க இலவசமாகச் சில நாட்கள்தான் தருவார்கள். அதற்கு மேல் நாள் கணக்கில் வாடகை. பெட்டியைத் திருப்பிக் கொடுக்கத் தாமதமானால் கப்பல் கம்பெனிக்குத் தனி அபராதம். பணத்தைக்கூட எப்படியோ கட்டிவிடலாம். ஆனால் கதவைத் திறந்தபோது வந்த வாடை இன்றும் என் மூக்கில் இருக்கிறது. வெங்காயம் வேர்த்து, முளைத்து, அடிமூட்டைகள் அழுகி வடிந்துகொண்டிருந்தன.

அந்தப் பெரியவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. “தம்பி, வெங்காயம் போனது போகட்டும். பெருநாளுக்குச் சரக்கு தருகிறேன் என்று பதினாறு கடைக்காரர்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவர்களுக்கு நான் என்ன சொல்வேன்?” என்று மட்டும் கேட்டார். அன்று தராவீஹில் என் மனம் நிற்கவில்லை. லோரியும் கப்பலும்தான் லாஜிஸ்டிக்ஸ் என்று அதுவரை நினைத்திருந்தேன். ஒரு தாளும் அதன் பகுதிதான், அந்தத் தாளில் நான் அடிக்கும் ஓர் எண் பதினாறு கடைகளின் அமானிதம் என்று அன்றுதான் புரிந்தது.

இன்னொன்று எல்லோருக்கும் நினைவிருக்கும். 2021 டிசம்பர் 18, சிலாங்கூர் வெள்ளம். ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் என் தங்கை குடும்பம் மேல்மாடியில் மாட்டிக்கொண்டது. இங்கே சாலாக் செலாத்தானில் அரிசிக்கோ கோழிக்கோ பஞ்சமில்லை. நம் வீட்டுப் பெண்கள் சோறு சமைத்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். வண்டியும் போனது. தண்ணீர் தொடங்கும் இடத்தில் வண்டி நின்றுவிட்டது. சோறு வண்டியிலேயே ஆறியது. படகோடு ஒருவர் வந்த பிறகே அது போய்ச் சேர்ந்தது. உணவு இருந்தது, கொடுக்க மனமும் இருந்தது. இடையிலிருந்த ஒரு கிலோமீட்டருக்குத்தான் வழியில்லை. கடைசி ஒரு கிலோமீட்டரை யோசிக்காத தர்மம்கூடப் பசியை ஆற்றுவதில்லை.

சரி, இதெல்லாம் நமக்கு எதற்கு? நம்மில் பாதிப் பேர் உணவகம், மளிகை, மசாலா, துணி என்று ஏதாவதொரு வியாபாரத்தை நம்பி வாழ்கிறோம். எங்கள் அத்தா இந்தச் சாலாக் செலாத்தானில்தான் மளிகைக் கடை வைத்திருந்தார். ‘யார் மலிவாகத் தருகிறான்?’ என்ற ஒரே கேள்வியில் அவர் வியாபாரம் செய்தார். அன்று அது போதுமாக இருந்தது. இன்று போதாது.

ஒரு கணக்குப் பாருங்கள். ஒருவர் கிலோ 3 வெள்ளிக்குத் தருகிறார். ஆயிரம் கிலோவுக்கு 3,000 வெள்ளி, வண்டிச் செலவு 300. அதில் 150 கிலோ அழுகிவிட்டால் மிஞ்சியது 850 கிலோ. உண்மையான விலை 3 வெள்ளி 88 காசு. இன்னொருவர் 3 வெள்ளி 30 காசு சொல்கிறார். வண்டிச் செலவு அதே 300. ஆனால் சரக்கைக் காற்றோட்டமாக வைத்து, சொன்ன நாளில் தருகிறார். 30 கிலோதான் வீண். உண்மையான விலை 3 வெள்ளி 71 காசு. மலிவாக வாங்கியவர்தான் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார். பொருளுக்கு வாங்கிய விலை ஒன்று, வந்து சேர்ந்த விலை வேறொன்று. கல்லாவில் பேசுவது இரண்டாவது விலை.

இன்னொரு கணக்கு, எப்போது ஆர்டர் கொடுப்பது என்பது. உங்கள் உணவகத்துக்கு ஒரு நாளைக்கு 20 கிலோ வெங்காயம் வேண்டும். சொல்லி மூன்றாம் நாள் சரக்கு வரும் என்றால் அதற்கு 60 கிலோ. வண்டி பழுதானாலோ மழை பெய்தாலோ சமாளிக்க இரண்டு நாளுக்கு 40 கிலோ. இருப்பு 100 கிலோவுக்கு இறங்கிய அன்றே ஆர்டர் போக வேண்டும். முதலில் வந்த மூட்டை முதலில் வெளியேற வேண்டும். இதற்குக் கணினி வேண்டாம், சுவரில் ஒரு அட்டை போதும். அரிசிப் பானையில் கையை விட்டே ‘இன்னும் நாலு நாள் வரும்’ என்று சொல்லும் நம் தாய்மார்களுக்கு இது புதிய பாடமல்ல.

மூன்றாவது, ஒரே வாசலை நம்பியிருக்கக் கூடாது. இந்தியா 2019 செப்டம்பரில் வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தது. 2020 செப்டம்பரில் மீண்டும் செய்தது. 2023 டிசம்பரில் செய்த தடை 2024 மே மாதம்தான் நீங்கியது. ஐந்தாண்டுக்குள் மூன்று முறை! தன் மக்களுக்கு விலை ஏறக் கூடாது என்று ஒரு நாடு நினைப்பதில் குற்றமில்லை. பாகிஸ்தான், சீனா, ஹாலந்து வெங்காயத்துக்கும் முன்கூட்டியே வழி வைத்திருந்தவர் சமாளித்தார். மற்றவர் கேட்ட விலையைக் கொடுத்தார்.

நான்காவது நம் மார்க்கத்தோடு தொடர்புடையது. ஹலால் என்பது அறுக்கும் இடத்தோடு முடிவதில்லை. எந்த வண்டியில் வந்தது, எந்தக் கிடங்கில் எதன் பக்கத்தில் இருந்தது என்பதும் கேள்விதான். மலேசியா இதற்கென்றே எம்.எஸ். 2400 என்ற தரநிலையை 2010இல் வெளியிட்டு 2019இல் திருத்தியது. போக்குவரத்து, கிடங்கு, சில்லறை விற்பனை என்று அதற்கு மூன்று பகுதிகள். இதைப் படித்துத் தேர்ந்தவர்கள் நம் பிள்ளைகளில் எத்தனை பேர்? உத்தாரா மலேசியப் பல்கலைக்கழகத்தில் லாஜிஸ்டிக்ஸ் பட்டப்படிப்பே இருக்கிறது. எஸ்.பி.எம். முடித்து வீட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள். பெண்பிள்ளைகளிடமும் சொல்லுங்கள். என் அலுவலகத்தில் பத்திரங்களில் பிழையே விடாதவர்கள் பெண்கள்தான்.

கடைசியாக, சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம் உறுப்பினர்களின் கடைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பத்து மூட்டை, இருபது மூட்டை என்று வாங்குகின்றன. தனியாகப் போகும்போது நாம் சில்லறை வாடிக்கையாளர். பத்துக் கடை சேர்ந்தால் ஒரு கொள்கலன். வெங்காயத்தில் மட்டும் மூன்று மாதம் சோதித்துப் பார்ப்போம். ஒரு பொதுக் கணக்கு, இரண்டு பொறுப்பாளர்கள், வாரம் ஒருமுறை எல்லோரும் பார்க்கும்படி வரவு செலவு. இதில் கடினமானது கப்பலும் லோரியும் அல்ல, ஒருவர் கணக்கை ஒருவர் நம்புவதுதான். ஆனால் ஜனாஸா நிதியையும் மதரஸா கட்டணத்தையும் ஐம்பது ஆண்டுகளாகப் பிசகில்லாமல் காத்துவந்த சங்கம் இது. வெங்காயக் கணக்கைக் காக்க முடியாதா?

அந்தப் பெரியவர் இப்போது நம்மோடு இல்லை. அல்லாஹ் அவருடைய பிழைகளைப் பொறுத்து மறுமை வாழ்வைச் சிறப்பாக்குவானாக. அந்தப் பதினாறு கடைகளுக்கும் அவர் எங்கெங்கோ தேடி, கூடுதல் விலைக்கு வாங்கி, பழைய விலைக்கே சரக்கு கொடுத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். வாக்கைக் காப்பாற்றுவது என்றால் என்னவென்று எனக்குக் கற்றுக் கொடுத்தவர் அவர்தான்.

மஃரிபுக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. நானும் சொன்ன நேரத்தில் சரக்கை இறக்கிவிட்டேன்.