இரவல் அணுக்கள்

(ஈஜிபுராவில் நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நமது சங்கத்தைச் சேர்ந்த அன்னையார் ஒருவர், இரத்தப் புற்றுநோயுற்ற தம் மகனைக் குறித்து எம்மிடம் வினவினார்: "புதிய சிகிச்சைக்கு அவன் இரத்தத்தில் அணுக்கள் போதவில்லை என்கிறார்களே, என்னுடையதைக் கொடுக்கலாகாதா?" அதற்கு அன்று விரைந்து விடையிறுக்க இயலவில்லை.

நோயாளியின் 'டி' வெள்ளணுக்களைப் பிரித்தெடுத்து, புற்றணுவை இனங்காட்டும் மரபணுவைப் புகுத்திப் பெருக்கி, மீண்டும் அவர் உடலிற் செலுத்துவதே 'கார்-டி' சிகிச்சையாகும். மும்பை ஐ.ஐ.டி.யும் டாட்டா நினைவு மருத்துவமனையும் கண்ட 'நெக்ஸ்கார்19' 2023 அக்டோபரில் அரசின் ஒப்புதல் பெற்றது. நம் பெங்களூரின் இம்யூனீல் நிறுவனம் 2025 சனவரியில் 'கார்டெமி' என்பதை வெளியிட்டது. அமெரிக்காவில் 2017-இல் வந்த முதல் மருந்தின் விலை 4,75,000 டாலர். இங்கு அதனினும் குறைவு, ஆயினும் பல லட்சம் ரூபாய். மலிவுதான், ஈஜிபுராவில் வாடகைக்குக் குடியிருப்போர் அதனை மலிவென்பரோ?

இவ்விரண்டும் நோயாளியின் சொந்த அணுக்களால் ஆவன. பலமுறை மருந்தேறிய உடலில் அவ்வணுக்கள் நலிந்திருக்கும்; செய்து முடிக்கவும் வாரங்கள் ஆகும். பிறர் அணுவோ முன்கூட்டியே ஆயத்தம் செய்து உறையவைக்கத் தக்கது. ஒருவர் கொடை பலருக்கு உதவும்.

ஆனால் விருந்தாகப் புகுந்த அணு, வீட்டையே பகையெனத் தாக்கும். வீடும் விருந்தை வெளியே தள்ளும். (ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு இது விளங்காததன்று!) ஆகவே, தாக்கத் தூண்டும் ஏற்பியை மரபணு மாற்றத்தால் நீக்குகின்றனர். உடலின் எதிர்ப்பை அடக்கும் மருந்து விருந்தணுவையும் அழித்துவிடாதவாறு மற்றொரு மாற்றமும் செய்கின்றனர். இலண்டனின் கிரேட் ஆர்மண்டு தெரு மருத்துவமனையில் 2015-இல் ஒரு வயதுக் குழந்தைக்கும், 2022-இல் 13 வயதுச் சிறுமிக்கும் இவ்வகை அணுக்கள் செலுத்தப்பட்டன. சிறுமிக்கு 28 நாட்களில் நோய் தணிந்தது. இருவருக்கும் பின்னர் எலும்பு மஜ்ஜை மாற்றம் வேண்டியிருந்தது. இரவல் அணுக்கள் உடலில் நெடுநாள் தங்குவதில்லை. இம்முறை பெரும்பாலும் இன்றும் ஆய்வு நிலையிலேயே உள்ளது.

எனினும் அன்னையார் கொடுக்க விரும்பியது வீணன்று. பாதிப் பொருத்தமுள்ள பெற்றோரின் மூலவணுக்களால் செய்யும் மஜ்ஜை மாற்றம் இந்நகரிலேயே நடைபெறுகிறது. தம் மகனுக்கு அது பொருந்துமா என மருத்துவரைக் கேட்குமாறு சொன்னோம். முழுப் பொருத்தமுள்ள அயலார் அமைவது அரிது. அது மரபுவழி வருவதாதலின் தமிழர்க்குத் தமிழரிடையே கிட்டும் வாய்ப்பு மிகுதி. சென்னையில் 2009-இல் தோன்றிய 'தாத்ரி' கொடையாளர் பதிவேட்டில் சேர, கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவிக் கொடுத்தாற் போதும். நமது சங்கத்தில் இதுவரை பதிந்தோர் நால்வர்; அவருள் மூவர் அவ்வன்னையின் வீட்டார்.