வெள்ளோட்டம்: முதல் வடிவமும் முதிர்ந்த வடிவமும்



ஒரு பணியைச் செம்மையாகச் செய்வது எப்படி என்று வினவினால், நன்றாகத் திட்டமிட வேண்டும் என்றே பெரும்பாலோர் விடை கூறுவர். திட்டமிடல் வேண்டுவதே. ஆயினும், எத்துணைக் கவனமாகத் திட்டமிட்டாலும் முன்கூட்டிக் காண இயலாத குறைகள் சில உள. அவை, ஆக்கிய பொருள் பிறர் கைக்குச் சென்ற பின்னரே புலப்படும். ஆதலின், முதலில் சிறிய அளவில் ஒரு வடிவத்தை ஆக்கிப் பயன்படுத்துவோரிடம் கொடுத்து, குறை கண்டு, திருத்தி, மீண்டும் ஆக்கும் முறையைப் பொறியியலாரும் மென்பொருள் வல்லுநரும் கைக்கொள்கின்றனர். இம்முறை தமிழ்ப் பணிக்கும் தமிழ் வகுப்பறைக்கும் எவ்வாறு உரியதாகும் என்பதே இவ்வுரையின் பொருள்.

சொல்லும் பொருளும்

இவ்வாறு முதலில் ஆக்கப்படும் வடிவத்தை ‘முன்மாதிரி’ என்று தமிழில் வழங்குகிறோம். இச்சொல்லில் ஓர் இடர்ப்பாடு உண்டு. பேச்சு வழக்கிலும் மேடை வழக்கிலும் ‘முன்மாதிரி’ என்பது பிறர் பின்பற்றத்தக்க சிறப்புடையவரைக் குறிக்கும். ‘முன்மாதிரி மாணவர்’ என்றால் குறையற்ற மாணவர் என்றே கொள்கிறோம். நாம் இங்கே பேசும் முன்மாதிரியோ குறை காண்பதற்கென்றே ஆக்கப்படுவது. ஒரே சொல் இரு பொருளையும் சுமப்பதால், முதல் வடிவத்திலேயே முழுமை இருக்க வேண்டும் என்னும் எண்ணம் நம்மை அறியாமல் வந்து சேர்கிறது.

இக்கருத்துக்கு இன்னும் பொருத்தமான சொல் ஒன்று நம்மிடம் நெடுங்காலமாகவே உள்ளது. புதிதாகச் செய்த தேரைத் திருவிழாவுக்கு முன்னர், உற்சவ மூர்த்தியை எழுந்தருளச் செய்யாமல், வீதிகளில் இழுத்துப் பார்ப்பர். அச்சு தாங்குகிறதா, சக்கரம் சீராக உருள்கிறதா, தெருமுனையில் தேர் திரும்புகிறதா என்று தச்சரும் ஊராரும் உடன் நடந்து காண்பர். அதற்கு வெள்ளோட்டம் என்று பெயர். வெள்ளோட்டத்தில் ஒரு குறை தென்பட்டால் தச்சருக்கு அது இழுக்காகாது. அக்குறை திருவிழா நாளில் தென்பட்டால்தான் இழுக்கு.

நூல் வழக்கில் அரங்கேற்றம் என்பதும் உண்டு. தொல்காப்பியர் தம் நூலை அதங்கோட்டாசான் முன்னர் எடுத்துரைத்தார் எனச் சிறப்புப்பாயிரம் கூறுகிறது. அரங்கேற்றம் முடிந்த பணியை அறிஞர் ஆராய்வது. பணியின் இறுதியில் நிகழ்வது. வெள்ளோட்டம் அதற்கு முன்னர் நிகழ்வது. ஒருமுறையோடு முடிய வேண்டும் என்னும் கட்டாயமும் அதற்கு இல்லை. நம் கல்விச் சூழலில் அரங்கேற்றங்கள் மிகுதி, வெள்ளோட்டங்கள் குறைவு. பாட நூல், கலைச்சொல் தொகுதி, வினாத்தாள், மாணவர் கட்டுரை ஆகிய எதுவாயினும் முதன்முதல் வெளிவரும் நாளே இறுதி நாளாகவும் அமைந்துவிடுகிறது.

அச்செழுத்து கூறும் செய்தி

தமிழ் எழுத்து பொறியேறிய வரலாற்றை நோக்கினால், அது வெள்ளோட்டங்களின் வரலாறாகவே தோன்றும். அன்றீக்கே அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சாயிற்று. பதினாறு பக்கங்களே கொண்ட சிறு நூல் அது. அதற்கு முந்திய ஆண்டில் கோவாவில் தமிழ் எழுத்துகள் வார்க்கப்பட்டிருந்தன. பணி அவற்றோடு நின்றுவிடவில்லை. 1578இல் கொல்லத்தில் வேறு எழுத்துகள் வார்க்கப்பட்டன. நூலின் இறுதிப் பக்கத்தில் இவ்விரு வகை எழுத்துகளும் எவ்விடத்தில், எவ்வாண்டில் செய்யப்பட்டவை என்னும் குறிப்புடன் இடம்பெற்றுள்ளன. முந்திய வடிவத்தை மறைக்காமல், பிந்திய வடிவத்தோடு சேர்த்துப் படிப்போர் கண்முன் வைத்தது கருதத்தக்கது.

அடுத்த படியைத் தரங்கம்பாடியில் காண்கிறோம். சீகன்பால்கு அனுப்பிய எழுத்து மாதிரிகளைக் கொண்டு செருமனியின் ஆலே நகரில் தமிழ் அச்செழுத்துகள் உருவாக்கப்பட்டு, 1713இல் தரங்கம்பாடி வந்து சேர்ந்தன. அச்சிடத் தொடங்கியபோதுதான் அவற்றின் குறை தெரிந்தது. எழுத்துகள் அளவில் பெரியவை. தாளோ அரிதாகக் கிடைப்பது. புதிய ஏற்பாட்டை முழுமையாக அச்சிட அவை ஏற்றவையல்ல என்று கண்டு, அப்பகுதியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தனர். 1715இல் நூல் நிறைவெய்தியது. ஆலே நகரத்து வல்லுநர் தம் தொழிலில் தேர்ந்தவர்கள். ஆனால், தாள் தட்டுப்பாடு நிலவிய இடம் தரங்கம்பாடி. ஆக்குவோர் ஓரிடத்திலும் பயன்படுத்துவோர் வேறிடத்திலும் இருக்கும்போது, திறமை மட்டுமே தரத்தை உறுதி செய்துவிடாது.

தட்டச்சுப் பொறியும் நகரா விசையும்

நம் வட்டாரத்தோடு தொடர்புடைய எடுத்துக்காட்டு, தமிழ்த் தட்டச்சுப் பொறி. அதனை உருவாக்கிய ஆர். முத்தையா யாழ்ப்பாணத்தில் பிறந்து, மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பணியாற்றியவர். அவர்முன் இருந்த சிக்கல் எளியதன்று. தமிழ் எழுத்துகள் 247; ஆங்கில எழுத்துகளுக்கென அமைந்த பொறியிலோ விசைகள் மிகச் சில. எல்லா உயிர்மெய்களையும் தனித்தனியே அமைக்க வழியில்லை. எழுத்தை அதன் உறுப்புகளாகப் பிரித்தால், ஒரே குறியைப் பல மெய்களோடு சேர்க்கலாம். ஆனால், ஒரு விசையை அழுத்தியவுடன் தாளைத் தாங்கும் உருளை ஓரிடம் நகர்ந்துவிடுவதால், புள்ளியோ விசிறியோ எழுத்தின்மேல் சென்று பொருந்தாது. இதற்குத் தீர்வாக அவர் நகரா விசைகளைக் கையாண்டார். அவ்விசையை அழுத்தினால் குறி பதியும், உருளை நகராது. அடுத்து அழுத்தும் எழுத்து அக்குறியோடு சேர்ந்து அமையும்.

முத்தையா அத்துடன் நிற்கவில்லை. ‘ஸ்டாண்டர்ட்’ என்னும் பெயருடைய முதற்பொறியில் கண்ட குறைகளைத் திருத்தி, பின்னர் வந்த ‘பிஜோ’, ‘ஐடியல்’ என்னும் பொறிகளில் விசைப்பலகையை மேம்படுத்தினார். முதல் வெற்றியை முடிவெனக் கொள்ளாத இப்போக்கே தொழில் முதிர்ச்சியின் முதல் அடையாளம்.

பிற்காலத்தில் கணினிக்கென அமைந்த தமிழ்99 விசைப்பலகை, உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று என 31 விசைகளில் தமிழின் முதலெழுத்துகள் அனைத்தையும் அடக்கியது. உயிர்கள் இடக்கைப் பக்கமும் மெய்களுள் பெரும்பாலானவை வலக்கைப் பக்கமும் அமைந்தன. ககரத்தை இருமுறை அழுத்தினால் முதற்ககரத்திற்குப் புள்ளி தானே வந்துவிடும். பக்கம், அக்கா, சர்க்கரை என்று இரட்டித்து வரும் மெய்கள் தமிழில் எத்துணை மிகுதி என்பதை அறிந்தோர் இவ்வமைப்பின் அருமையை உணர்வர்.

மாற்ற முடியாத கட்டம்

எல்லாவற்றையும் பின்னர்த் திருத்திக்கொள்ளலாம் என்று கருதிவிடுதலும் பிழையே. திருத்தத்திற்கு இடமுள்ள கட்டம் ஒன்று. இடமில்லாத கட்டம் மற்றொன்று. ஒருங்குறி இதற்குத் தக்க சான்றாகும்.

1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பில் தமிழுக்கு இடம் கிடைத்தது. இந்திய மொழிகளுக்கெனப் பொதுவாக வகுக்கப்பட்டிருந்த குறியீட்டு முறையைத் தழுவியே தமிழின் வரிசையும் அமைந்தது. அதனால், தமிழில் இல்லாத வல்லெழுத்துகளுக்குரிய இடங்கள் வெற்றிடமாக விடப்பட்டன. தமிழில் வழங்காத அனுசுவாரக் குறி ஒன்றும் உள்ளே வந்துவிட்டது. அகரமேறிய ‘க’ ஒரு குறியீட்டாலும், ‘க்’ என்னும் தனிமெய் இரண்டு குறியீடுகளாலும் குறிக்கப்படலாயின. மெய்யே முதலெழுத்து என்னும் நம் இலக்கண நெறிக்கு இது மாறானது.

தமிழிணைய மாநாடுகளின் வரிசை சிங்கப்பூரில் தொடங்கியது 1997ஆம் ஆண்டில். எழுத்தாளரும் ஆசிரியப் பயிற்றுநருமான நா. கோவிந்தசாமி அதற்கு முன்னின்று உழைத்தார். 1999இல் சென்னையில் மாநாடு கூடியது. 2000ஆம் ஆண்டில் மீண்டும் சிங்கப்பூரில் கூடியபோது உத்தமம் அமைப்பு தோன்றியது. ஒரு மென்பொருளில் எழுதிய தமிழ் மற்றொன்றில் பொருளற்ற குறிகளாகத் தோன்றிய அக்காலத்தில், இம்மாநாடுகள் ஆற்றிய பணி பெரிது. எனினும், ஆண்டுகளை ஒப்பிட்டுப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். குறியீட்டு வரிசை முன்னரே வந்துவிட்டது. பயன்படுத்துவோர் ஒன்றுகூடிப் பேசியது பின்னர்.

ஒருங்குறியில் ஓர் எழுத்தைப் புதிதாகச் சேர்க்கலாம். சேர்த்ததை நீக்க இயலாது. உலகெங்கும் சேமிக்கப்பட்ட ஆவணங்கள் சிதையாதிருக்க அவ்விதி வேண்டுவதே. அதனால், விடுபட்டவை காலப்போக்கில் வந்து சேர்ந்தன. தமிழ் எண் வரிசையில் சுழியம் 2005இல் சேர்ந்தது; பழைய பின்னக் குறிகள் 2019இல் சேர்ந்தன. வேண்டாத அனுசுவாரமோ, தமிழில் வழங்காதது என்னும் குறிப்புடன் இன்றும் அங்கேயே நிற்கிறது. எதனைப் பின்னர் மாற்ற இயலாதோ, அதற்கே வெள்ளோட்டம் மிகுதியாக வேண்டும் என்பது இதிலிருந்து நாம் பெறும் பாடம். பாடத்திட்டமும் பொதுத்தேர்வு வினாத்தாளும் பெருமளவுக்கு இவ்வகையைச் சேர்ந்தவை. அவை வெளிவந்த பின்னர்க் காணும் குறை, ஓராண்டு மாணவர் அனைவரையும் தாக்கும்.

முட்டுக்கட்டையின் பயன்

தரம் பொருளைச் சார்ந்தது. முதிர்ச்சி ஆளைச் சார்ந்தது. பொருளைத் திருத்தும் பழக்கமே ஆளையும் திருத்துகிறது. டாக்டர் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்தார். அப்பதிப்பினால் அவர் பெற்ற புகழ் பெரிது. எனினும், அந்நூலுக்கு அவரே 1907இல் இரண்டாம் பதிப்பையும் 1922இல் மூன்றாம் பதிப்பையும் கொண்டுவந்தார். முதற்பதிப்புக்கும் மூன்றாம் பதிப்புக்கும் இடையே முப்பத்தைந்து ஆண்டுகள். பாராட்டப்பட்ட தம் பணிக்கே மீண்டும் திரும்பிச் செல்வது, புதிய பணியொன்றைத் தொடங்குவதைவிட அரிது.

குறை சொல்வோரை முட்டுக்கட்டை போடுவோர் என்கிறோம். தேரோட்டம் கண்டவர்கள் அச்சொல்லின் மூலப்பொருளை அறிவர். சக்கரத்தின்கீழ் முட்டுக்கட்டையை இட்டே தேரைத் திருப்புவர்; வேண்டிய இடத்தில் நிறுத்துவர். முட்டுக்கட்டையின்றித் தேர் ஓடும். ஆனால் எங்கு ஓடும் என்று சொல்ல இயலாது. மாற்றுக்கருத்தை இந்த மூலப்பொருளில் ஏற்கத் தெரிந்தவரே முதிர்ந்த பணியாளர்.

வகுப்பறையில் செய்யத்தக்கன

இனி ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் சில சொல்வோம். ஒரு பயிற்சித்தாளில், ‘பொருந்தாததைச் சுட்டுக’ என்று வினா அமைகிறது எனக் கொள்வோம். வீட்டில் ஆங்கிலம் பேசும் மாணவர் ஒருவர் ‘சுடு’ என்னும் சொல்லை அறிவார். ‘சுட்டு’ என்பதை அறியார். அவர் விடையளிக்கவில்லையெனில், பாடம் புரியவில்லை என்று முடிவு செய்கிறோம். உண்மையில் புரியாதது வினாவின் ஏவற்சொல். அப்பயிற்சித்தாளை முதலில் நான்கைந்து மாணவரிடம் கொடுத்து, அவர்கள் எந்த இடத்தில் தயங்குகின்றனர் என்று உடனிருந்து கண்டால், இக்குறை சில மணித்துளிகளில் புலப்பட்டுவிடும். அங்கே நோக்க வேண்டியது மதிப்பெண்ணை அன்று, தயக்கத்தை.

கட்டுரைப் பயிற்சிக்கும் இது பொருந்தும். மாணவர் ஒருமுறை எழுத, ஆசிரியர் சிவப்பு மையால் பிழைகளைத் திருத்த, ஏடு மூடப்படுகிறது. திருத்தியவர் ஆசிரியர், ஆகவே கற்றவரும் ஆசிரியரே. மாறாக, முதல் வரைவுக்கு மதிப்பெண் இடாமல், சக மாணவர் ஒருவர் அதனை உரக்கப் படிக்கட்டும். எழுதியவர் கேட்கட்டும். தம் வாக்கியம் பிறர் நாவில் எங்கே இடறுகிறது என்பதை அவரே உணர்வார். இரண்டாம் வரைவில் கருத்து வரிசையை மட்டும் கவனிக்கலாம். மூன்றாவதில் வாக்கிய அமைப்பையும் சந்தியையும் கவனிக்கலாம். எல்லாக் குறைகளையும் ஒரே நேரத்தில் சுட்டினால் எதுவும் மனத்தில் நில்லாது.

இதற்கு நேரம் ஏது என்று கேட்பது இயல்பே. தேர்வு அறையில் ஒரே வரைவுதான் எழுத இயலும் என்பதும் உண்மை. ஆயினும், மீள எழுதிப் பழகியவரின் ஒற்றை வரைவும், ஒருபோதும் மீள எழுதாதவரின் ஒற்றை வரைவும் ஒன்றல்ல. பன்னிரண்டு தலைப்புகளில் ஒவ்வொரு முறை எழுதுவதினும், நான்கு தலைப்புகளில் மும்மூன்று முறை எழுதுவது நற்பயன் தரும்.

இரண்டு காப்புகள் இம்முறைக்கு வேண்டும். முதலாவது, ஒவ்வொரு திருத்தத்துக்கும் குறிப்பு இருத்தல் வேண்டும். கண்ட குறை யாது, கண்டவர் யார், செய்த மாற்றம் யாது என மூன்றே செய்திகள் போதும். குறிப்பின்றி மாற்றிக்கொண்டே போனால், நேற்று நீக்கிய பிழை நாளை மீண்டும் நுழையும். மாணவர் தம் பழைய வரைவுகளை நாளிட்டுப் பாதுகாத்தால், தம் வளர்ச்சியைத் தாமே அளந்தறிவர். இரண்டாவது, எங்கே நிறுத்துவது என்பதைத் தொடக்கத்திலேயே வரையறுத்தல். முழுமையைத் தேடி முடிவின்றித் திருத்துவோர் எதனையும் வெளியிடுவதில்லை. தச்சர் எத்துணை முறை சோதித்தாலும், திருவிழா நாளன்று தேர் நிலையைவிட்டுப் புறப்பட்டே ஆகவேண்டும்.

தமிழைத் தாய்மொழியாகக் கற்கும் பிள்ளைகள் பலர் இன்று தமிழில் எழுத அஞ்சுகின்றனர். முதல் வாக்கியமே பிழையின்றி அமைய வேண்டும் என்று அவர்கள் எண்ணுவது அவ்வச்சத்துக்குப் பெருங்காரணம். 1577இல் வார்த்த எழுத்துக்கு அடுத்த ஆண்டே மற்றொரு வடிவம் வேண்டியிருந்தது என்னும் செய்தியை அவர்களிடம் சொல்லுங்கள். நம் எழுத்தே இத்தனை முறை திருந்தி வந்திருக்க, அதனை எழுதப் பழகும் பிள்ளைக்கு இரண்டாம் வாய்ப்பை மறுப்பது முறையாகாது. வரும் பருவத்தில் ஒரு வகுப்பில், ஒரு கட்டுரைக்கேனும் வெள்ளோட்டம் விட்டுப் பாருங்கள் என்று கேட்டு அமைகிறோம்.