புதுப் பொருள் பிறக்கும் இடம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இம்மேடையில் ஆண்டுதோறும் புலவர்களும் பேராசிரியர்களும் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். நாமோ பள்ளி இறுதி வகுப்பிற்கு மேல் படித்தறியாதவர். இரயில்வேயில் பார்சல் பதிவேடு எழுதுவது நம் தொழில். “இணையத்தின் வழியே சிறு வாணிகம் செய்வோர் புதுப் பொருளை எவ்வாறு கண்டறிவது என்பதுபற்றிப் பேசுங்கள்” என மாதர் குழுவினர் பணித்தபோது, “வெற்றி பெற்றவர் எவரையேனும் அழையுங்கள்” என்று விலகப் பார்த்தோம். “கைப்பொருளை இழந்தவர் பேசினால்தான் எங்களுக்குப் பயன்” என்று அவர்கள் விடையிறுத்தனர். அத்தகுதி நமக்கு நிறைய உண்டு. ஆதலின் ஒப்புக்கொண்டோம்.

நாம் வாழும் அலிப்பூரில் 1952ஆம் ஆண்டு முதல் நாணயச் சாலை ஒன்று இயங்கி வருகிறது. நாட்டிற்கு நாணயம் அடித்துத் தரும் ஊரில் குடியிருந்தும், மாதக் கடைசியில் நம் வீட்டு டப்பாவில் நாணயம் காண்பது அரிதாக இருக்கிறது. மற்ற இல்லங்களின் நிலையும் ஏறக்குறைய இதுவே. ஊதியம் ஒன்று, செலவோ பல. ஆகவே நம் பெண்மணிகள் கைத்திறனைக் கொண்டு ஏதேனும் ஈட்ட எண்ணுவது இயல்பே.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இரயில்வே ஊழியர் முன் அனுமதியின்றி வாணிகம் செய்தலாகாது. குடும்பத்தார் செய்யின் அதனை நிர்வாகத்திற்குத் தெரிவித்தல் வேண்டும். 1966ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் கூறுவது இது. நாமும் எழுதித் தெரிவித்தோம். வாணிகம் நம் இல்லத்தரசியாருடையது. கணக்கு எழுதும் கூலியற்ற குமாஸ்தா மட்டுமே நாம்.

ஈராண்டுகளுக்கு முன் நம் குடியிருப்பில் நான்கு குடும்பத்தார் கூடி, குடும்பத்திற்கு 3,000 ரூபாயாக 12,000 ரூபாய் திரட்டினர். அவற்றுள் ஒரு பங்கு, தையல் வேலை செய்து பிழைக்கும் ஓர் அம்மையார் தம் மகளின் கல்லூரித் தேர்வுக் கட்டணத்திற்கென எடுத்து வைத்திருந்த பணம். என்ன பொருள் விற்பது என்ற கேள்வி எழுந்தது. கைப்பேசியை எடுத்து, இணையச் சந்தையில் மிகுதியாக விற்பனையாகும் தமிழ்நாட்டுப் பண்டம் எதுவென்று தேடினோம். முறுக்கு என்று கண்டோம். நம் பெண்மணிகளுக்கு முறுக்குச் சுற்றத் தெரியாதா என்ன? “மணப்பாறை முறுக்கு” என அழகாகப் பெயர் அச்சிட்டு ஒட்டி, விற்பனைக்கு இட்டோம்.

விளைவைக் கேளுங்கள். முதல் 60 பொட்டலங்களில் 22 பொட்டலங்கள் உடைந்து நொறுங்கிச் சேர்ந்தன. வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். நம்மினும் குறைந்த விலைக்குப் பெரிய ஆலைக்காரர்கள் விற்றதால் அடுத்த அழைப்பும் வரவில்லை. மூன்று மாதத்தில் எஞ்சியது 4,350 ரூபாய். தையற்கார அம்மையார் ஒரு சொல்லும் கடிந்து சொல்லவில்லை. கணக்கைப் படித்தபோது தலைகுனிந்து கேட்டு, “சரி, அண்ணா” என்று எழுந்து போனார். அவர் ஏசியிருந்தால் நமக்கு இத்துணை வருத்தம் இருந்திராது.

அன்று இரவு நம் பிழைகளை ஒரு தாளில் எழுதிப் பார்த்தோம். மூன்று பிழைகள் தெரிந்தன. முதலாவது, பலரும் விற்பதைக் கண்டு நாமும் விற்கப் புகுந்தது; இது கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதை. இரண்டாவது, பயணத்தைத் தாங்காத பண்டத்தைப் பயணம் அனுப்பியது. நாள்தோறும் பார்சல் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கே இது தோன்றாமற் போனது பெரும் வெட்கம். மூன்றாவது, நமக்குரியதல்லாத பெயரைச் சூட்டியது. மணப்பாறை முறுக்கு 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020ஆம் ஆண்டிலேயே பெற்றுவிட்டது. அவ்வூரார் தலைமுறை தலைமுறையாக உழைத்துப் பெற்ற நற்பெயரை அலிப்பூரிலிருந்து நாம் எடுத்து ஒட்டுதல் சட்டத்திற்கும் ஒவ்வாது; நெஞ்சிற்கும் ஒவ்வாது.

இந்நிலையில்தான் ஒரு கடிதம் வழி காட்டியது. கரக்பூரில் விடுதியில் தங்கிப் படிக்கும் தமிழ் மாணவர் ஒருவர் கைப்பேசியில் எழுதியிருந்தார்: “தாங்கள் அனுப்பிய முறுக்குப் பொடி வந்து சேர்ந்தது. அடுத்த முறை பருப்புப் பொடியாகவே அனுப்பிவிட்டால் சோற்றிலாவது பிசைந்து உண்பேன்.” இல்லத்தரசியார் படித்துவிட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, “இவர் கேலி செய்யவில்லை, பசியைச் சொல்கிறார்” என்றார்.

அன்பர்களே, நாம் இன்று சொல்ல வந்த கருத்து முழுவதும் அச்சொல்லில் அடங்கிவிட்டது. புதுப் பொருள் கூரையைப் பார்த்து யோசிப்பவர் மூளையில் பிறப்பதன்று. வாங்குவோர் படும் ஒரு சிறு தொல்லையில் பிறப்பது. விரும்பும் பொருளுக்கும் விரும்புவோர்க்கும் இடையே நிற்கும் தடை ஒன்றைக் கண்டு அதனை நீக்கினால், பழம் பொருளே புதுப் பொருளாகிவிடும்.

இஃது நம் கண்டுபிடிப்பன்று. இக்கொல்கத்தா நகரமே சான்று பகரும். பாக்பஜாரில் 1868ஆம் ஆண்டில் வங்காள ரசகுல்லாவைப் பக்குவப்படுத்தியவர் என்று வங்காளிகள் போற்றும் நவீன் சந்திர தாஸ் அவர்களை அறிவீர்கள். அவர்தம் மைந்தர் கிருஷ்ண சந்திர தாஸ் 1930ஆம் ஆண்டில் அந்த ரசகுல்லாவைக் காற்றுப் புகாத தகர டப்பாவில் அடைத்தார். இனிப்பு தந்தையார் காலத்து இனிப்பே. ஆயினும் அதுகாறும் இரண்டொரு நாளில் கெட்டுப்போன பண்டம், அதன் பிறகு தொலைதூரம் செல்லும் பண்டமாயிற்று. தடை காலம், நீக்கியது டப்பா.

நம் தமிழகத்துக் கடலூரிலும் ஒரு சான்று உண்டு. அங்கே சின்னி கிருஷ்ணன் என்பார் நீர்மப் பொருள்களைச் சிற்றுறைகளில் அடைத்து விற்பதில் முன்னோடியாக விளங்கினார். புட்டி ஷாம்புவை ஒருசேர விலை கொடுத்து வாங்க ஏழைக்கு இயலாது. ஒருமுறை தலை முழுகும் அளவை வாங்க இயலும். அவர் மைந்தர் சி. கே. ரங்கநாதன் 1983ஆம் ஆண்டில் 15,000 ரூபாய் முதலுடன் தனியே தொழில் தொடங்கி, தந்தையாரின் பெயர் எழுத்துகளைக் கொண்டு ‘சிக்’ எனத் தம் ஷாம்புவிற்குப் பெயரிட்டார். எந்த நிறுவனத்தின் காலி உறையாயினும் கொண்டுவந்து தருவோர்க்குத் தம் உறையை இலவசமாகத் தந்து ஊர்தோறும் பழக்கினார் என்பர். 1998ஆம் ஆண்டு முதல் அந்நிறுவனம் கவின்கேர் என வழங்குகிறது. தடை விலை, நீக்கியது அளவு.

இனி நம் அலிப்பூருக்கே வருவோம். அலிப்பூர் தெற்கு இருபத்து நான்கு பர்கானா மாவட்டத்தின் தலைமையிடம் அன்றோ? அம்மாவட்டத்து ஜெயநகரில் குளிர்காலந்தோறும் செய்யப்படும் மோவாவை உண்ணாதார் நம்மில் யார்? கனகசூர் நெல்லின் பொரியும் ஈச்ச மரத்துப் புதுவெல்லமாகிய நோலென் குட்டும் சேர்ந்த உருண்டை அது. 2015ஆம் ஆண்டு புவிசார் குறியீடும் பெற்றது. ஆயினும் சில நாளிலேயே சுவை குன்றிவிடுவதால் தொலைவிற்கு அனுப்புவது எளிதாக இல்லை. அத்தடையை முற்றும் நீக்குவோர் எவரோ, அவர்க்குப் பெருவாய்ப்புக் காத்திருக்கிறது.

மீண்டும் நம் பருப்புப் பொடிக்கு வருகிறோம். துவரம் பருப்பு, மிளகு, மிளகாய், பெருங்காயம், உப்பு ஆகியவற்றை வறுத்து இடித்த பொடி நொறுங்குவதற்கு அஞ்ச வேண்டியதில்லை; முன்னமே நொறுங்கியதன்றோ! விடுதி மாணவர்க்குச் சூடான சோறு கிடைக்கிறது, அடுப்பு இல்லை. பொடிக்கு அடுப்பு வேண்டா. சோற்றை விரும்பி உண்ணும் வங்காள நண்பர்களுக்கும் அது பிடித்தது. நம் அலுவலகத்தில் உடன் உண்பவர் ஒருவர், “தாதா, அந்தப் பொடி இன்னும் இருக்கிறதா?” என்று பல நாள் கேட்டதுண்டு. பல நாள் கேட்டும் அது நம் செவியில் ஏறவில்லை.

ஆயினும் ஒரு தடை தோன்றிற்று. இவ்வூரின் மழைக்காலக் காற்றில் ஈரம் மிகுதி. பெரிய புட்டியைத் திறந்து மூடினால் பொடி பத்து நாளில் கட்டிபட்டு மணம் இழக்கிறது. அப்போது கடலூர் நினைவிற்கு வந்தது. ஒருவேளைச் சோற்றிற்கு 20 கிராம் என்று சிற்றுறையில் அடைத்து, பத்து உறைகளை ஓர் அட்டைப் பெட்டியில் வைத்தோம். எஞ்சியிருந்த 4,350 ரூபாயில் 900 ரூபாய்க்கு மட்டுமே முதலில் செய்தோம். 20 பெட்டிகளும் விற்றன. அதைவிட முக்கியமானது யாதெனில், வாங்கியவருள் 11 பேர் மறுமுறையும் கேட்டனர்.

சிற்றுறையால் குப்பை பெருகுகிறது என்னும் குறை உண்மையானது. அதனை மறைக்க மாட்டோம். உள்ளூரில் வாங்குவோர்க்கு உறையின்றி அவரவர் பாத்திரத்திலேயே அளந்து தருகிறோம். அஞ்சலில் செல்வதற்கு இன்னும் நல்வழி தேடிக்கொண்டிருக்கிறோம்.

இவ்வனுபவத்திற்குப் பின் சமையலறைக் கதவில் ஒரு குறிப்பேட்டைத் தொங்கவிட்டிருக்கிறோம். அதில் மூன்று பத்திகள். முதற் பத்தி ‘கேட்டது’: யார், எதனை, எந்தச் சொல்லால் கேட்டார் என்பது. இரண்டாம் பத்தி ‘தடுத்தது’: விலையா, அளவா, தொலைவா, கெடுதலா, செய்முறை அறியாமையா என்பது. மூன்றாம் பத்தி ‘மறுமுறை கேட்டது’. முதல் முறை வாங்குவோர் நம் முகத்திற்காக வாங்குவர். மறுமுறை வாங்குவோரே பொருளுக்காக வாங்குவர். மூன்றாம் பத்தி நிரம்பாத பொருளைப் பெரிய அளவில் செய்வதில்லை என்பது இப்போது நம் இல்லத்தின் விதி.

அக்குறிப்பேட்டில் இவ்வாண்டு ஏறிய ஒன்று: “கடலை மிட்டாயை நோலென் குட்டில் செய்தால் என்ன?” கேட்டவர் அண்டை வீட்டு வங்காள அம்மையார். பனை வெல்லம் அறிந்த நமக்கு ஈச்ச வெல்லம் உறவுதானே! சென்ற குளிர்காலத்தில் ஒரு தட்டு மட்டும் செய்து 30 நாள் வைத்துப் பார்த்தோம். சுவை நிலைத்தது, ஆனால் பிசுபிசுத்தது. வரும் குளிர்காலத்தில் பாகின் பதத்தை மாற்றிப் பார்க்க எண்ணம். தேறினால் அதற்குக் கோவில்பட்டியின் பெயர் இராது. நம் பெயரே இருக்கும். ஊரைவிட்டு வந்தவர்க்கு இரண்டு ஊர்களின் சுவை தெரியும். இது நம்மிடம் இருக்கும் முதல். வங்கியில் கடன் கேட்டுப் பெற வேண்டாத முதல்.

சட்டத்தையும் மறத்தலாகாது. உணவுப் பண்டம் சிறிய அளவில் விற்பினும் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையத்தில் பதிவு பெறுதல் வேண்டும். உறையின்மேல் பதிவெண், சேர்பொருள், எடை, செய்த நாள், பயன்படுத்தத் தக்க காலம் ஆகியவற்றைப் பொறித்தல் வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல், வரம்பிற்கு உட்பட்ட சிறு வணிகர், இணையச் சந்தை வழியே தம் மாநிலத்திற்குள் பொருள் விற்க ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமன்று, அதற்கென ஓர் எண் பெற்றால் போதும். வேறு மாநிலத்திற்கு விற்பதாயின் பதிவு வேண்டும். ஆகவே டில்லியையும் மும்பையையும் கனவு காணுமுன், கரக்பூருக்கும் துர்காபூருக்கும் அசன்சோலுக்கும் எது தேவை எனக் கேட்பது அறிவுடைமை. நம் இரயில்வேயும் 2022ஆம் ஆண்டில் ‘ஒரு நிலையம் ஒரு பொருள்’ என்னும் திட்டத்தைத் தொடங்கி, நிலையங்களில் உள்ளூர்க் கைவினைஞர்க்கும் மகளிர் குழுக்களுக்கும் விற்பனை இடம் அளித்து வருகிறது. அக்கடைகளின் அருகே சிறிது நேரம் நின்று, மக்கள் எதனைக் கையில் எடுத்துவிட்டு மீண்டும் வைத்துவிடுகின்றனர் என்று பாருங்கள். அவர் ஏன் வைத்தார் என்பதில் ஒரு புதுப் பொருள் ஒளிந்திருக்கிறது.

இறுதியாக ஒரு வேண்டுகோள். நம் சங்கக் கூடத்தின் வாயிலில் அத்தகைய குறிப்பேடு ஒன்றை வைத்தல் வேண்டும். “இது கிடைக்கவில்லை, இது எட்டாத விலை, இது கெட்டுப்போகிறது” என வருவோர் எழுதட்டும். மாதர் குழுவினர் மாதம் ஒருமுறை கூடிப் படிக்கட்டும். எவர் பணத்தையும் இடுமுன் ஒரு தட்டு மட்டும் செய்து பார்க்கட்டும். நாம் 12,000 ரூபாயில் கற்ற பாடத்தை மற்றவர் 900 ரூபாயில் கற்றுக்கொள்ளலாம் அன்றோ?

தையற்கார அம்மையாரின் 3,000 ரூபாயைச் சென்ற மாதம் முழுமையாகத் திருப்பித் தந்தோம். மற்ற மூவர்க்கும் பாதி வந்திருக்கிறது, மீதி வரும். அப்பணத்தை அவர் எண்ணிப் பார்க்கவில்லை. குறிப்பேட்டை எடுத்து, ‘கேட்டது’ என்னும் பத்தியில் தாமே ஒரு வரி எழுதினார்: “என் தையல் வகுப்புப் பெண்கள் புளியோதரைப் பொடி கேட்கிறார்கள்.” எழுதிவிட்டு, “இதற்கு என் பங்கு எவ்வளவு, அண்ணா?” என்றார்.

அக்கேள்விக்கு விடை தேடும் பணி இன்று காலை தொடங்கிவிட்டது. அதற்குத் தங்கள் அனைவரின் வாழ்த்தையும் வேண்டி அமர்கிறோம்.