கஞ்சமலையில் ஒரு பழைய கடல்



ஏற்காட்டில் சீமாட்டி இருக்கை என வழங்கும் முனையில் நின்று, வானம் தெளிந்த நாளில் தென்மேற்கே நோக்குவீர்களாயின், சேலம் நகருக்கு அப்பால் சமவெளியின் நடுவே தனித்துக் கிடக்கும் நீண்ட குன்று ஒன்றைக் காணலாம். அதுவே கஞ்சமலை. அடிவாரத்துச் சித்தர் கோயிலுக்காக அதனை அறிந்தோர் பலர். அம்மலையின் கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தோர் சிலரே.

நீங்கள் நிற்கும் சேர்வராயன் மலையோ வேறு இனம். தலைச்சோலையிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் காணும் நீலம் பாய்ந்த கருங்கல்லுக்கு நிலநூலார் சார்னோக்கைட்டு என்று பெயரிட்டனர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்னும் கும்பெனி அதிகாரியின் கல்லறைமேல் கிடந்த கல்லை ஆராய்ந்து, தாமஸ் ஹாலந்து என்னும் அறிஞர் 1893-இல் இட்ட பெயர் அது. நம் நாட்டு மலைக்கல் ஒன்று உலகப் பாறை நூல்களில் ஒரு கல்லறையின் பெயரால் வழங்குவது விந்தையே. அது நிற்க.

கஞ்சமலைக் கல்லை உடைத்துப் பாருங்கள். வெள்ளையும் கறுப்பும் மாறி மாறி வரிகளாக அமைந்திருக்கும். வெள்ளை வரி நம் சிறுவர்கள் வெங்கச்சங்கல் என்று எடுத்து விளையாடும் படிகக்கல். கறுப்பு வரி காந்தக்கல். இரும்பும் பிராணவாயுவும் சேர்ந்தது. ஒரு சிறு காந்தத்தை நூலில் கட்டி அருகே தொங்கவிட்டால் ஓடிப் பற்றிக்கொள்ளும். இவ்வரிகள் கொண்ட பாறை, பல பட்டைகளாக மலையைச் சூழ்ந்து செல்கிறது. சேலத்துக்குக் கிழக்கே கோதுமலையிலும், வடக்கே தீர்த்தமலையிலும் இதே வகைப் பாறை உண்டு. 1864-இல் கிங், புரூஸ் ஃபூட் என்னும் இருவர் இவற்றையெல்லாம் நடந்து கண்டு, இந்திய நிலநூல் ஆய்வுத்துறையின் ஏட்டில் எழுதி வைத்தனர்.

இந்தப் பாறை ஒரு காலத்தில் கடலடியில் படிந்த சேறு என்று நான் சொன்னால் நீங்கள் நம்பவேண்டியதில்லை. சான்று எங்கே என்று கேட்கவேண்டும். அரியலூர்ப் பக்கத்துப் படிவுப் பாறைகளில் சான்று கேட்பார்க்கு விடை எளிது. சிப்பியும் சங்கும் கல்லாகிக் கிடக்கின்றன. சாத்தனூரில் டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன் 1940-இல் கண்டறிந்த கல்மரம் அறுபது அடி நீளத்துக்குக் கிடக்கிறது. கஞ்சமலையில் சிப்பி இல்லை, மரம் இல்லை. அப்பாறை படிந்த காலத்தில் உலகில் சிப்பியும் இல்லை, மரமும் இல்லை. பின் எதைக் கொண்டு கடல் என்பது?

முதற் சான்று, கல்லில் இல்லாத பொருள்கள். பூமியின் உள்ளிருந்து வரும் நெருப்புக் குழம்பு இறுகிப் பாறையானால், அதில் அலுமினியம், சுண்ணகம், சோடியம், மக்னீசியம் எல்லாம் கலந்தே இருக்கும். கஞ்சமலைப் பட்டையிலோ மணற்சத்தும் இரும்பும்தான் பெரும்பாலும். ஏனையவை மிகமிகச் சொற்பம். இப்படி இரண்டை மட்டும் பிரித்துக் கொடுக்கும் குழம்பு எதுவும் இல்லை. நீரில் கரைந்து, பின் நீரிலிருந்து பிரிந்து படிதல் ஒன்றே அவ்வாறு பிரித்துத் தர வல்லது. இரண்டாவது சான்று, வேறு நாடுகளில் இருக்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஹாமர்ஸ்லி மலைகளில் இதே வகைப் பாறை அதிகம் வேகாமல் கிடக்கிறது. அங்கே ஒரு மெல்லிய வரியைப் பல மைல் தொலைவு தொடர்ந்து பின்பற்றிச் செல்லலாம். அமைதியான நீரின் அடியிலன்றி அத்தகைய விரிப்பு அமையாது.

இனி ஒரு கேள்வி. இன்றைய கடலில் இரும்பு ஏன் இப்படிப் படிவதில்லை? காரணம், இன்றைய கடல்நீரில் பிராணவாயு உண்டு. அது இரும்பைக் கரைய விடாது, துருவாக்கிவிடும். 250 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட உலகில், காற்றில் பிராணவாயு இல்லை என்றே சொல்லலாம். கடலடி வெந்நீர் ஊற்றுகளிலிருந்து வந்த இரும்பு நீரில் கரைந்து நிறைந்து கிடந்தது. ஒளியை உண்டு வாழக் கற்ற நுண்ணுயிர்கள் அந்நீரில் தோன்றின. அவற்றின் செயலால் இரும்பு துருவாகி அடியில் இறங்கியது எனப் பல அறிஞர் கருதுகின்றனர். அந்நுண்ணுயிர்களுள் சில வெளியிட்ட பிராணவாயு, கரைந்த இரும்பு தீர்ந்த பின்னரே காற்றில் சேரத் தொடங்கியது. நாம் இப்போது இழுக்கும் மூச்சுக்கும் அந்தச் சேற்றுக்கும் உறவு உண்டு.

பிறகு அச்சேறு பட்ட பாடு பெரிது. ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலத்தட்டுகளின் நெருக்கலால் அது பதினைந்து மைலுக்கும் கீழே அமிழ்ந்தது. 700 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் வெந்தது. கடலடியில் கிடந்த பாய் போன்ற படிவு, ஓரங்கள் மேல்நோக்கி வளைந்த ஓடம்போல மடிந்தது. கஞ்சமலையின் பட்டைகள் உள்நோக்கிச் சாய்ந்திருப்பது இதனால்தான். துரு காந்தக்கல்லாக மாறியது. நுண்ணிய துகள்கள் பருத்துக் கண்ணுக்குத் தெரியும் மணிகளாயின. மேலே மூடியிருந்த பாறை காலவெள்ளத்தில் அரிக்கப்பட்டுப் போக, உறுதியான இப்பட்டைகள் குன்றாய் எஞ்சின.

துகள் பருத்தது நம் முன்னோர்க்குப் பெரிய நன்மை ஆயிற்று. கல்லை இடித்தால் கறுப்பும் வெள்ளையும் எளிதிற் பிரியும். இடித்துப் புடைத்தோ, நீரில் அலசியோ, வெங்கச்சங்கல்லை நீக்கிவிட்டுக் கருமணலைத் துருத்தி உலையில் அடுப்புக்கரியோடு இட்டு இரும்பு உருக்கினர். அவ்விரும்பை ஆவாரங்கட்டைச் சீவலோடு மண்மூசையில் வைத்து, எருக்கிலையால் மூடி, காற்றுப் புகாமல் அடைத்து எஃகாக்கிய முறையை ஜோசையா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர் வியந்து எழுதியிருக்கிறார். படிப்பறிவற்ற குடிசைத் தொழில் என்று இதனைச் சொல்வோருண்டு. எனக்கு அது உடன்பாடன்று. கரியின் அளவை எஃகுக்கு வேண்டியபடி கட்டுப்படுத்துவது எளிய அறிவன்று. ஹீத் 1830-ஐ ஒட்டிப் பறங்கிப்பேட்டையில் பெரிய உலைகள் நிறுவினார்; சேலத்துக் கனியம் காவிரி வழியே அங்குச் சென்றது. அடுப்புக்கரிக்குக் காடு போதவில்லை. அந்த முயற்சி நிலைக்கவில்லை.

இன்று கஞ்சமலையின் அருகே சேலம் உருக்காலை இருக்கிறது. 1981-இல் உற்பத்தி தொடங்கிய அவ்வாலை துருவேறா எஃகுத் தகடுகளுக்குப் பெயர் பெற்றது. மலையின் கல்லிலிருந்துதான் அத்தகடு வருகிறது என்று மாணவர்கள் பலர் எழுதக் கண்டிருக்கிறேன். அவ்வாறன்று. கஞ்சமலைக் கல்லில் இரும்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். ஆலைக்கு வேண்டிய மூலப்பொருள் வெளியிலிருந்து வருகிறது.

மழை பெய்து வெறித்த மறுநாள் கஞ்சமலை அடிவாரத்து ஓடை எதிலேனும் இறங்கிப் பாருங்கள். மணலின் மேல் கறுப்புக் கோடுகள் ஓடியிருக்கும். காந்தத்தை ஒரு காகிதத்தில் சுற்றி அதன்மேல் நகர்த்துங்கள். காகிதத்தில் மயிர்போல் சிலிர்த்து ஒட்டி நிற்பது, அந்தப் பழைய கடலின் இரும்பு.